அக்கா அந்த அருவியைப் பார்க்கவில்லை

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்காக அவருடைய மகன் ஒரு கட்டுரை எழுதி என்னிடம் கொண்டுவந்தான். "மாமா, தமிழ் மட்டும் பாத்துக் குடுங்க. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றான். பார்த்தேன். தமிழ் சரியாக இருந்தது. மற்றது எதுவும் சரியாக இல்லை. "பொறுமையின் வடிவம்" என்று எழுதியிருந்தான். "அடுப்படியே கோயில் என வாழ்ந்தவர்", "வாசற்படிக்கு வெளியே உலகம் அறியாதவர்" என்று எழுதியிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு விவரம் தெரிந்த நாளாக அவன் கண்ட அம்மா அப்படித்தான் இருந்தார். அவரை அப்படி ஆக்கியவர்கள் நாங்கள். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, அதன் இடத்தில் இதை நான் எழுதுகிறேன். இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் சிலருக்கு இது பிடிக்காது. பிடிக்கட்டும் என்று எழுதவும் இல்லை.

அக்கா பிறந்தது கெலமங்கலத்தில். சந்தையை ஒட்டி எங்கள் அப்பா புளி மண்டி வைத்திருந்தார். அம்மா அம்மை கண்டு இறந்தபோது நான் கைக்குழந்தை. அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அப்பாவின் தமக்கை, எங்கள் அத்தை, வீட்டைக் கவனிக்க வந்தார். வந்ததும் முதல் வேலையாக அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் அக்கா. என்னை ஓசூரில் உயர்நிலைப் பள்ளிக்கும், பிறகு சேலத்தில் கல்லூரிக்கும் அனுப்பினார்கள். அவரைப் புளி தட்ட அனுப்பினார்கள். இதை அப்போது யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்டியில் உட்கார்ந்தே அக்கா கன்னடமும் தெலுங்கும் பேசக் கற்றுக்கொண்டார். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தும் தளிப் பக்கத்திலிருந்தும் மாட்டு வண்டியில் புளி கொண்டுவருவார்கள். மூட்டையை இறக்கும்போதே அவர்களிடம் அக்கா விசாரிப்பார். எந்த ஏரி நிரம்பியிருக்கிறது, எந்தப் பாதையில் யானை நடமாட்டம், எங்கே பாலம் உடைந்திருக்கிறது என்று கேட்பார். "புளி விலையைக் கேக்க வேண்டிய புள்ள, ரோட்டு விலையைக் கேக்குது" என்று அப்பா சிரிப்பார். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

அக்காவை மணந்த மாமா கால்நடை மருத்துவ உதவியாளர். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடும் வேலை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில், ராணுவம் கழித்துவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளைச் சைடு காரோடு பெங்களூரிலிருந்து மாமா வாங்கிவந்தார். கெலமங்கலத்தில் அப்போது மோட்டார் வைத்திருந்த வீடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். காரணம் பெட்ரோல். ஓசூரில் பீப்பாயிலிருந்து தகர டப்பாவில் பிடித்துத் தருவார்கள். அதில் துருவும் இருக்கும், தண்ணீரும் இருக்கும். அது போய் கார்புரேட்டரை அடைக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் சின்னக் கிண்ணம் அது. அதற்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகாணி உண்டு. அதன் நடுவே ஓடும் துளை நூல் நுழையாத அளவு. அந்தத் துளை அடைத்தால் வண்டி நின்றுவிடும். ஓசூர் மெக்கானிக் கம்பியை விட்டுக் குத்திக் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டான். வண்டி கரும்புகை விட்டு, பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது.

பக்கத்தில் நின்று பார்த்த அக்கா மாமாவிடம் சொன்னார்: "மூக்குத்தி ஓட்டை தூந்துபோச்சுன்னா கடப்பாறையா எடுப்பாங்க?"

"அப்ப நீயே செய்" என்றார் மாமா. கேலியாகத்தான் சொன்னார். அக்கா செய்தார்.

புது ஜெட் ஒன்று வாங்கிவரச் சொன்னார். மத்திகிரிக் கால்நடைப் பண்ணைக்கு வேலையாகப் போகும் மாமாவிடம் குதிரை வால் முடி கேட்டு வாங்கினார். திருகாணிகள் உருண்டு தொலையாமலிருக்கப் பித்தளைத் தாம்பாளத்தில் எல்லாவற்றையும் பரப்பி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டில் குதிரை முடியை விட்டு இழுத்து, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். "பொட்டு மாதிரி வட்டமாத் தெரியணும். கோணலாத் தெரிஞ்சா இன்னும் அழுக்கு இருக்குது" என்பார். பெட்ரோலை மெல்லிய ஆட்டுத் தோலில் வடிகட்டித்தான் டாங்கில் ஊற்றுவார். தோல் தண்ணீரையும் தூசியையும் மேலேயே நிறுத்திக்கொள்ளும். அவர் வடிகட்டி ஊற்றிய பெட்ரோலில் வண்டி வழியில் நின்றதே இல்லை.

அத்தைக்கு இது எதுவும் பொறுக்கவில்லை. "அந்தத் தாம்பாளத்துல இனிமே வெத்தலை பாக்கு வெக்க முடியுமா? பொம்பளை வாயி பெட்ரோல் நாறுது. புருஷன் எப்படித்தான் பக்கத்துல படுக்கறானோ."

"மூக்கைப் புடிச்சிக்கிட்டுத்தான் அத்தே" என்றார் மாமா. அக்கா தலைகுனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருடைய பிள்ளைகள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எங்கே போவது என்று முடிவுசெய்வது அக்காதான். தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்புவார். ஒவ்வொரு கொட்டையும் ஓர் ஊர். தோல் உரித்த வெள்ளைக் கொட்டை இருந்தால் அங்கே நல்ல தண்ணீர் என்று பொருள். இரண்டு கொட்டை சேர்ந்திருந்தால் மேடு. ராயக்கோட்டை மலை, தளி ஏரி, கிருஷ்ணகிரியில் அப்போது கட்டிக்கொண்டிருந்த அணை எல்லாம் இப்படிக் கொட்டை வைத்துத் திட்டம் போட்டுப் பார்த்துவந்தவைதான். வண்டிக்காரர்கள் சொன்னதையெல்லாம் அவர் மனத்தில் வைத்திருந்தார். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னது தவறியதில்லை. அப்பா கடிகாரத்துக்குப் பதில் அந்த வண்டிச் சத்தத்தை வைத்து நேரம் சொல்வார்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து வரும்போது எல்லையில் போலீஸ்காரர் நிறுத்தினாராம். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. சைடு காரில் அக்காவின் மடியில் பெட்ரோல் தகரம், அதன் வாயில் தோல் கட்டியிருந்தது.

"என்னம்மா, சரக்கைத் தோல் போட்டு மூடிக் கொண்டுவர்ற?"

"பெட்ரோலுங்கண்ணா. வேணும்னா ஒரு மடக்கு குடிங்க. அப்புறம் நீங்களே சேலம் வரைக்கும் ஓடலாம், வண்டி வேண்டாம்."

இப்படிப் பேசியவர் என் அக்கா. வாசற்படிக்கு வெளியே உலகம் அறியாதவராம்.

இனி எழுதப்போவதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் வீட்டு முற்றத்தில், அனைவர் முன்னும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

அது ஆயுத பூசை. நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். மறுநாள் காலை அக்காவும் மாமாவும் அஞ்செட்டி மலைப்பாதைக்குப் போவதாகத் திட்டம். மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் அங்கே ஒரு காட்டாறு பாறையிலிருந்து அருவியாக விழும் என்று ஒரு வண்டிக்காரர் சொல்லியிருந்தார். விடியலில் கிளம்பி உச்சிப்பொழுது சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாக அக்கா அப்பாவிடம் சொன்னார். பூசைக்கு முந்தின நாளே கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிவிட்டார். வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கைப்பிடியில் மஞ்சள் தோய்த்த புதுத்துணி ஒன்றை அத்தை கட்டினார். கருவிகளோடு அந்த ஆட்டுத் தோலும் பூசையில் இருந்ததைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி முன்னால செத்த ஆட்டுத் தோலையா வெப்பீங்க?" என்று குச்சியால் அதைத் தூக்கி மாட்டுக்கொட்டகையில் போட்டார்.

மறுநாள் அதிகாலை அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, டாங்கில பாதிதான் இருக்குது. கொட்டாயில தோல் கெடக்குது பாரு, நல்லா உதறித் தொடைச்சு, அதுல வடிகட்டி ஊத்திரு. நான் சோறு கட்டறேன்."

கொட்டகையில் சாணிக்கு நடுவே அந்தத் தோல் கிடந்தது. குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். பௌதிகம் படிக்கிறவன் நான். துணியும் தோலும் வடிகட்டுவதில் ஒன்றுதானே என்று என் படிப்பு எனக்குச் சொன்னது. கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, அதில் வடிகட்டி ஊற்றினேன். புதுத்துணி, கஞ்சி போகாதது, பஞ்சு உதிர்வது. அதோடு மஞ்சள் தூள். ஊற்றி முடித்துத் துணியைக் கிணற்றடிக் கொடியில் போட்டேன். தோலில் வடிகட்டினாயா என்று அக்கா கேட்கவில்லை. என்னை நம்பினார்.

முற்பகலில் மண்டியில் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வீட்டுக்குத் தூக்கிவந்தோம். உள்ளூர் வைத்தியர் பார்த்துவிட்டு, "ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். காலை பஸ் போய்விட்டது. மாட்டு வண்டி பூட்டலாம் என்றார்கள். நான் தடுத்தேன். "அக்கா உச்சிக்கு வந்துருவாங்க. சைடு கார்ல உக்கார வெச்சா கொஞ்ச நேரத்துல ஓசூர்" என்றேன். அக்கா சொன்ன நேரம் தவறாது என்று அனைவருக்கும் தெரியும். காத்திருந்தோம். அப்பா கண்ணை மூடியபடியே, "வண்டிச் சத்தம் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உச்சி சாய்ந்த பிறகே மாடு பூட்டினோம். பாதி வழியில், என் மடியில் தலை வைத்தபடி அப்பா இறந்தார். முன்பே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் தெரிந்ததுபோல் பேசினார்கள்.

அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை மாமா பிற்பாடு சொன்னார். அருவிக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருக்கும்போது வண்டி நின்றது. அக்கா பாதையோரத்தில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றினார். ஜெட்டில் மஞ்சள் பஞ்சு. முடி விட்டு இழுத்து ஊதிப் பூட்டினார். சிறிது தூரம் போய் மறுபடி நின்றது. அப்போதே அருவியை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். "அப்பா சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருப்பாரு" என்றாராம். மறுபடி நின்றது. கடைசியில் டாங்கு முழுவதையும் தகரத்தில் வடித்து, தம் பழைய சேலையின் முந்தானையில் அத்தனையையும் வடிகட்டி ஊற்றியிருக்கிறார். அதன் பிறகு நிற்கவில்லை. ஆனால் பொழுது போய்விட்டது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அப்பாவின் உடலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருந்தோம்; வாசலில் கூட்டம். அக்கா சைடு காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அத்தை வாசலில் குறுக்கே நின்றார்.

"அப்பன் உசுருக்குத் துடிக்கறான், மக அருவி பாக்கப் போயிருக்கறா. இந்தப் பெட்ரோல் நாத்தத்தோடயா மொகத்தைப் பாக்க வர்றே? போயித் தலைக்கு ஊத்திக்கிட்டு வா. பொம்பளை வாய் வெச்சு ஊதின வண்டி எங்க போயிச் சேரும்?"

பெற்ற தகப்பனின் முகத்தைப் பார்க்க விடாமல் ஒரு மகளை வாசலில் நிறுத்தினார்கள். கூடியிருந்த அத்தனை ஆண்களில் ஒருவர்கூட, "வழி விடுங்க" என்று சொல்லவில்லை. நான் அந்த ஆண்களில் ஒருவன்.

அக்கா கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். கொடியில் அந்த மஞ்சள் துணி கிடந்தது, பெட்ரோல் பட்ட இடம் திட்டுத்திட்டாக. அக்கா அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். தம் விரல் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தை உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார். அக்கா துணியை வாளியில் போட்டு, சோப்புப் போட்டுத் துவைத்து, அலசிப் பிழிந்து மறுபடி கொடியில் போட்டார். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிச்சவன், நீ சொல்லு. விவரம் தெரியாதவங்க அந்தக் கார்புரேட்டரைக் கழட்டிப் பூட்டினா வண்டி வழியில நிக்குமா, நிக்காதா?"

அக்கா தூணருகே நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த ஒரு சொல்லில் பொய் இல்லை என்று பல காலம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். விவரம் தெரியாதவர் கழற்றினால் நிற்கலாம்தான். ஆனால் அங்கே விவரம் தெரியாதவன் நான். மாமா மட்டும், "இத்தனை நாள் நிக்கலையே" என்றார். "பொண்டாட்டிக்கு வக்காலத்தா?" என்று சிரித்தார்கள். வண்டியை விற்றாக வேண்டும் என்று முடிவானது. பெங்களூர் ஆள் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். மாமா சைக்கிளுக்கு மாறினார். தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து அத்தை பூசையறையில் வைத்தார்.

அதன் பிறகு அக்கா எந்த இயந்திரத்தையும் தொடவில்லை; எங்கே போகலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். மாமாவுக்கு மாற்றலான ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸில் போனார். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தபோது மகனுக்கு வேலை கிடைத்து அங்கே வீடு கட்டினார்கள். மாமா அங்கேதான் காலமானார். இத்தனை ஆண்டுகளிலும், எந்தக் கல்யாணத்திலும், எந்தச் சாவிலும், "யாரு, அந்த அருவி பாக்கப் போன அக்காவா?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. அத்தை போய்ச் சேர்ந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. சென்ற ஆண்டு அக்காவின் உடல் வீட்டில் கிடக்கும்போது, பந்தலில் டீ குடித்துக்கொண்டே ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். அவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்குத் தெரியும்.

அக்கா பார்க்கவே இல்லை ஐயா, அந்த அருவியை. இரண்டு திருப்பம் இருக்கும்போது திரும்பிவிட்டார், அப்பாவுக்காக. பார்க்காத அருவிக்காக ஒரு பெண்ணை ஆயுள் முழுதும் ஏசியிருக்கிறீர்கள். ஏசவிட்டு நான் சும்மா இருந்திருக்கிறேன்.

கடைசி மாதங்களில் நான் அக்காவோடு ஓசூரில் தங்கியிருந்தேன். ஒரு பிற்பகல், எதிர்வீட்டுத் தொழிலாளி வேலைக்குக் கிளம்ப மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். அது உயிர்பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. படுக்கையிலிருந்த அக்கா கண்ணைத் திறக்காமல், "ஜெட் அடைச்சிருக்குது" என்றார். நான் என்னை அடக்க முடியாமல் அழுதேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த மஞ்சத் துணி..."

"தெரியும்டா. தொவைச்சவ நான்தானே."

"ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?"

அவர் என்னை மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன். நீங்களும் எதிர்பார்ப்பீர்கள். அக்கா கண்ணைத் திறந்தார். அதில் கோபம் இருந்தது.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். அப்பா போன வீட்டுல உன்னையும் அடிக்க விடக் கூடாதுன்னு துணியைத் தொவைச்சேன். பதினாறாம் நாளு கேட்டாங்களே, அப்ப நீ சொல்லுவேன்னு தூணைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அப்புறமும் நின்னேன். இப்ப எங்கிட்ட வந்து சொல்றே. எனக்கு என்னாத்துக்கு? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அவங்ககிட்டப் போயிச் சொல்லு."

சொல்லிவிட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்கு இந்த மலரில் கழுவாய் கிடையாது. "பொறுமையின் வடிவம்" என்று மட்டும் அவரைச் சொல்லாதீர்கள். அவர் பொறுமையாக இல்லை. நான் வாய் திறக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் அக்காவைக் கழுவித் துடைத்த செவிலிப் பெண்ணுக்கு. பந்தலில் சிரித்தவரைப் பார்த்து, "எழுந்து போங்க" என்று சொன்ன எதிர்வீட்டுத் தொழிலாளிக்கு. உறவில்லாத அவர்தான் அதைச் சொன்னார். உடலைச் சுமந்தவர்களுக்கும், கூட வந்தவர்களுக்கும், வர முடியாமல் விசாரித்தவர்களுக்கும்.

நினைவு நாளன்று நீராடிக் காரியம் செய்ய ஒகேனக்கல் போகிறோம். வழக்கம்போல் தருமபுரி சுற்றிப் போக வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகவே போகிறோம். மழை பெய்திருக்கிறது, மலைப்பாதையில் அந்தக் காட்டாறு விழுகிறதாம், விசாரித்துவிட்டேன். வண்டிகள் அங்கே நிற்கும். அனைவரும் இறங்கிப் பார்க்க வேண்டும்.

போகும் வழியில் எந்த வண்டியாவது நின்றுபோனால், பெட்ரோல் ஊற்றியவன் யார் என்று முதலில் கேளுங்கள்.